40 நிமிஷத்துல நின்னுபோன செயின்சா: கழட்டி பாத்ததுல தெரிஞ்ச கதை

கொல்லையில நின்ன பெரிய மரம் ஒரு ராத்திரி அடிச்ச காத்துல கவட்டையில பிளந்து பாதி கீழ விழுந்துருச்சு. விழுந்த பாதிக்கு அடி கனம் 35 சென்டிமீட்டர் இருக்கும், கிளை கொப்பு எல்லாம் சேத்து இடத்தையே அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு. கை ரம்பத்துல ரெண்டு கிளை அறுத்ததுக்கே தோள்பட்டை கழண்டு போற மாதிரி ஆயிருச்சு, சரி நாமளே ஒரு பெட்ரோல் செயின்சா வாங்கிடுவோம்னு இருக்கறதுலயே விலை கம்மியா ஒண்ணு வாங்கினேன். பேர் கேள்விப்படாத கம்பெனி. மேல 58 சிசி, 20 இன்ச் பார்னு பெருசா ஸ்டிக்கர். பார்னா செயின் சுத்தி ஓடற நீளமான இரும்புத் தட்டு.

முதல் நாள் 40 நிமிஷம் ஓடுச்சு. அப்புறம் பாதி அறுத்த கட்டைக்குள்ள பார் மாட்டிக்கிட்டு, என்ஜின் அணைஞ்சு, கயிறை எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆகாம, நான் அந்த கட்டை மேலயே உக்காந்து "சீப்பா வாங்கினா இப்படித்தான்"னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். அடுத்த ரெண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து ஒவ்வொண்ணா கழட்டி பாத்ததுல எது மெஷின் தப்பு எது என் தப்புன்னு ஓரளவு பிரிக்க முடிஞ்சுது, அதைத்தான் இங்க எழுதறேன். இப்போ என் அபிப்பிராயம் என்னன்னா இது முழுசா முடிக்காம பெட்டிக்குள்ள போட்ட சாமான். ஃபேக்டரில கடைசியா ஒருத்தர் போல்ட்டை இறுக்கி, ஆயில் வருதா பாத்து, ஓட்டிப் பாத்து அனுப்பணும்ல, அந்த ஆளோட கூலியைத்தான் விலையில கழிச்சிருக்காங்க. அந்த வேலை நம்ம தலையில. அது எனக்கு அப்போ தெரியல.

அன்னைக்கு நடந்தது

பாரும் செயினும் தனியா வரும், நாமதான் மாட்டணும். செயினை திருப்பி மாட்டிட்டு "அறுக்கவே மாட்டேங்குது, புகைதான் வருது"னு புலம்பறவங்க நிறைய பேரு, அந்த ஒரு தப்பை மட்டும் நான் பண்ணல. பாருக்கு மேல்பக்கம் போற பல்லோட கூர் நுனியைப் பாத்து இருக்கணும், அவ்வளவுதான்.

பெட்ரோல்ல முதல் குழப்பம். மெஷின் புக்குல 25க்கு 1னு போட்டிருக்கு, டூ ஸ்ட்ரோக் ஆயில் டப்பால 50க்கு 1னு போட்டிருக்கு. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒருத்தர் 40 மில்லி ஊத்த சொல்றாரு, இன்னொருத்தர் 20 மில்லி போதும்ங்கிறாரு. நான் என்ன பண்ணேன், ரெண்டுக்கும் நடுவுல கண்ணளவா ஊத்தினேன். இப்போ கேட்டா மெஷின் புக்கு சொல்றதைத்தான் கேக்கணும்னு சொல்லுவேன், ஆயில் கூடிப்போனா புகை வரும், பிளக் கரி பிடிக்கும், சைலன்சர்ல பிசின் மாதிரி ஒட்டும், எல்லாம் துடைச்சா போற விஷயம். ஆயில் குறைஞ்சா பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கும், அதோட கதை முடிஞ்சுது. ஆயில் ஜாசோ எஃப்டி (டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பான் தர அளவு) தரம்னு போட்டிருக்கறதா பாத்து வாங்கி, ஒரு சிரிஞ்சுல அளந்து ஊத்தறேன் இப்பல்லாம், கண்ணளவு கிடையாது.

ஸ்டார்ட் பண்றதுக்குள்ள 14 தடவை இழுத்தேன். சோக்கை போட்டு இழுக்கும்போது நாலாவதோ அஞ்சாவதோ இழுப்புல "டப்"னு ஒரு சின்ன சத்தம் வந்து அடங்குச்சு, அந்த சத்தம்தான் சோக்கை எடுன்னு மெஷின் சொல்றது, நமக்கு எங்க தெரியுது, சோக்கோடயே இழுத்துக்கிட்டு இருந்தா பெட்ரோல் உள்ள ரொம்பி பிளக் நனைஞ்சிருச்சு. அப்படி ஆச்சுன்னா சுவிட்சை ஆஃப்ல வச்சு, பிளக்கை கழட்டி துடைச்சு, பிளக் இல்லாமயே நாலஞ்சு தடவை இழுத்து உள்ள இருக்கற ஈரத்தை வெளியேத்திட்டு மறுபடி மாட்டணும். சுவிட்ச் ஆஃப்ல இருக்கறது முக்கியம், வெளிய தெறிக்கிறது பெட்ரோல் ஆவி, ஒரு பொறி போதும்.

சரி ஓட ஆரம்பிச்சுது. முதல்ல சின்ன கிளைங்க, வெண்ணெய் மாதிரி போச்சு, பெரிய ஆளா ஃபீல் பண்ணேன். கால் மணி நேரத்துல மெதுவா மாறுச்சு. நான் அழுத்த ஆரம்பிச்சேன், வெட்டு நேரா போகாம வலது பக்கமா வளைஞ்சு போச்சு, சில்லு சில்லா பறந்தது மாவு மாதிரி தூளா கொட்டுச்சு, வெட்டுல இருந்து நீலமா புகை. பக்கத்து வீட்டு பெரியவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு "என்ன தம்பி, அறுக்கறியா எரிக்கறியா?"னு கேட்டாரு. அப்பவே நிறுத்தியிருக்கணும். வீம்புக்கு அடிக்கட்டையில வச்சு அழுத்தினேன், முக்கால்வாசி போனதும் வெட்டு மூடிக்கிட்டு பாரை கவ்விருச்சு, ஆக்சிலரேட்டரை அமுக்கி அமுக்கி இழுத்தேன், என்ஜின் ஒரு மாதிரி கீச்சுன்னு கத்திட்டு அணைஞ்சுது.

செயின்தான் முதல் குத்தவாளி

தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட தூக்கிட்டு போனா, அவரு என்ஜினை தொடவே இல்ல. கைல கிளவுஸ் போட்டுக்கிட்டு செயின் பல்லு மேல விரலை ஓட்டினாரு. "அண்ணே, இதை வச்சு வாழைத்தண்டு கூட அறுக்க முடியாது. மண்ணுல விட்டீங்களா?" விட்டேன். ஒரு கிளையை தரையோட வச்சு அறுக்கும்போது கீழ மண்ணுல நுனி உரசிச்சு, ஒரு செகண்ட் கூட இருக்காது.

அந்த ஒரு செகண்டுல என்ன ஆகும்னு அப்புறமா கணக்கு போட்டு பாத்தேன். இந்த செயின் 0.325 இன்ச் பிட்ச், பிட்ச்னா அடுத்தடுத்து மூணு ரிவெட்டுக்கு இடையில இருக்கற தூரத்துல பாதி, அப்படின்னா உள்பக்கம் இருக்கற ஒரு டிரைவ் பல்லுக்கும் அடுத்ததுக்கும் 16.5 மிமீ. ஸ்ப்ராக்கெட்ல, அதாவது செயினை ஓட்டற பல் சக்கரத்துல, 7 பல்லு, ஒரு சுத்துக்கு 115 மிமீ செயின் நகருது, நிமிஷத்துக்கு 10,000 சுத்துன்னு வச்சா செகண்டுக்கு 19 மீட்டர், மணிக்கு கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் வேகம். 20 இன்ச் பாரோட செயின் மொத்த நீளமே ஒண்ணேகால் மீட்டர்தான். அப்போ ஒரு செகண்டுல ஒவ்வொரு பல்லும் பதினஞ்சு தடவை மண்ணுல இருக்கற கல்லுப்பொடியில உரசிட்டு வந்திருக்கு. கூர் எப்படி இருக்கும்?

இந்தப் பல்லு வேலை செய்யற விதமே தனி. 1946 வாக்குல ஜோசப் பஃபோர்ட் காக்ஸ்னு ஒரு அமெரிக்க மரம்வெட்டி, மரத்தை குடையற ஒரு வண்டோட புழு தாடையை இடமும் வலமுமா வச்சு மரத்தை நறுக்கிக்கிட்டு போறதை பாத்துட்டு அதே மாதிரி இடப்பல்லு வலப்பல்லு மாத்தி மாத்தி வர்ற செயினை செஞ்சாரு, இன்னைக்கு ஓடற செயினெல்லாம் அந்த வம்சம்தான். அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் கை ரம்பப் பல்லு மாதிரி சுரண்டற வகை. இதுல ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளி. உளி மழுங்கினா அழுத்தி பிரயோஜனம் இல்ல, அழுத்த அழுத்த சூடுதான் ஏறும். இடப்பக்க உளியும் வலப்பக்க உளியும் நீளத்துல வித்தியாசமா இருந்தா வெட்டு வளையும், என்னோடது வளைஞ்சதுக்கு காரணம் அதுதான். அளந்து பாத்தா வாங்கும்போதே ஒரு பக்கப் பல்லு நீளமாத்தான் இருந்திருக்கு, புது செயின்லயே. இது மெஷின் தப்பு. மண்ணுல விட்டது என் தப்பு.

ராவ கத்துக்கிட்டதுதான் இந்த ரெண்டு வாரத்துல உருப்படியான விஷயம். 0.325 செயினுக்கு 4.8 மிமீ உருண்டை அரம், சின்ன பாருல வர்ற மெலிசான 3/8 வகைக்கு 4 மிமீ, பெரிய 3/8க்கு 5.5 மிமீ, மாத்தி போட்டா பல்லோட வடிவமே கெட்டுப்போகும். பாரை வைஸ்ல பிடிச்சுக்கணும், வைஸ் இல்லன்னா ஒரு கட்டையில பிளவு வச்சு அதுல சொருகிக்கலாம், நான் அப்படித்தான் பண்றேன். பல்லோட உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, 30 டிகிரி கோணத்துல, தள்ளும்போது மட்டும் ராவணும், இழுக்கும்போது அரத்தை தூக்கிடணும். அரத்தோட அஞ்சுல ஒரு பங்கு பல்லோட மேல்தட்டுக்கு மேல தெரியற உயரம். எல்லாத்துலயும் குட்டையான பல்லு எதுவோ அதை கண்டுபிடிச்சு மத்த பல்லை எல்லாம் அதோட நீளத்துக்கு கொண்டு வரணும். இது பொறுமையான வேலை, முதல் தடவை எனக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம், இப்போ கால் மணி நேரம்.

இன்னொண்ணு நிறைய பேரு விட்டுடறது ரேக்கர். பல்லுக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்குல்ல, அதுதான் பல்லு எவ்வளவு ஆழமா மரத்தை கவ்வணும்னு தீர்மானிக்கறது. பல்லை ராவ ராவ பல்லு தாழும், மேடு அப்படியே நிக்கும், கடைசில பல்லு எவ்வளவு கூரா இருந்தாலும் மரத்தை தொடாது. பல்லுக்கும் மேட்டுக்கும் 0.65 மிமீ வித்தியாசம் இருக்கற மாதிரி தட்டை அரத்தால லேசா தேய்க்கணும். அதிகமா தேய்ச்சுட்டா பல்லு வெறித்தனமா கவ்வும், மெஷின் உதறும், கிக்பேக், அதாவது மெஷின் நம்ம மேலயே எகிறற ஆபத்தும் கூடும்.

ராவி முடிச்சுட்டு அதே அடிக்கட்டையில வச்சேன். அழுத்தவே இல்ல, மெஷினோட எடையிலயே இறங்குச்சு, தூள் இல்ல, நகம் சைஸ் சில்லு. அதே என்ஜின் தான். அதுல இருந்து என் கணக்கு, சில்லு தூளா மாறின நிமிஷமே நிறுத்தி அரத்தை எடுக்கணும்.

ஆயில் வரல

அன்னைக்கு பெட்ரோல் பாதிக்கு மேல குறைஞ்சிருந்துச்சு, ஆனா செயின் ஆயில் டேங்க் ரொம்பின மாதிரியே இருந்துச்சு, அதை கவனிக்கவே இல்ல. ரெண்டு டேங்கும் ஏறக்குறைய கூடவே குறையணும், பெட்ரோல் தீரும்போது ஆயில் அடியில கொஞ்சம் மிச்சம் இருக்கற மாதிரிதான் அளவு வச்சிருப்பாங்க. கிளட்ச் கவரை கழட்டி பாத்தா ஆயில் வெளிய வர்ற ஓட்டைல ஃபேக்டரி பிளாஸ்டிக் சீவல் ஒண்ணு அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஊசியால எடுத்தேன், வந்துருச்சு. பாருல இருக்கற குட்டி ஓட்டையும் மரத்தூள் ஆயிலோட சேந்து களி மாதிரி அடைச்சிருந்துச்சு. சோதிக்கறது சுலபம், ஒரு அட்டைக்கு மேல ஒரு சாண் உயரத்துல நுனியை காட்டி ஆக்சிலரேட்டர் குடுத்தா மெலிசா ஆயில் கோடு விழணும். விழலன்னா அறுக்கவே கூடாது, பாரோட தண்டவாளம் நீலம் பாரிச்சு போயிடும், என் பாருல ஒரு இடத்துல இன்னும் அந்த நீலம் இருக்கு.

வண்டியில இருந்து எடுத்த பழைய ஆயிலை இதுல ஊத்தறவங்க இருக்காங்க. ஊத்தாதீங்க. இந்த ஆயில் திரும்ப டேங்குக்கு வராது, மொத்தமும் மண்ணுலயும் நம்ம துணியிலயும்தான் போய் சேரும், பழைய ஆயில்ல உலோகத் தூளும் கழிவும் இருக்கும்.

செயின் டென்ஷன் பத்தி ஒரு வரி: பார் நுனியை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இறுக்கணும், கீழ்ப்பக்கம் தொங்கக்கூடாது, கையால சுத்தினா தடையில்லாம சுத்தணும். சூடா இருக்கும்போது இறுக்கிட்டு அப்படியே வச்சுட்டு போனா ஆறினதும் செயின் சுருங்கி பாரையும் கிராங்கையும் இழுத்துப் பிடிக்கும். புது செயின் முதல் அரை மணி நேரம் நீண்டுக்கிட்டே இருக்கும், அடிக்கடி பாக்கணும்.

என்ஜின் ஏன் அணைஞ்சுது

இதுக்குத்தான் அதிக நாள் ஆச்சு, ஏன்னா ரெண்டு கோளாறு ஒண்ணா சேந்து ஆட்டம் காட்டுச்சு.

ஒண்ணு, பெட்ரோல் டேங்க்குக்கு காத்து உள்ள போற வழி. பெட்ரோல் குறைய குறைய அந்த இடத்துக்கு காத்து போகணும், அதுக்கு ஒரு குட்டி வெண்ட் இருக்கு. என்னோடதுல அது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதனால கொஞ்ச நேரம் நல்லா ஓடும், உள்ள வெற்றிடம் ஆகி பெட்ரோல் ஏறாது, என்ஜின் தவிச்சு அணைஞ்சுடும். மூடியை திறந்தா "உஸ்"னு காத்தை உள்ள இழுக்கற சத்தம், மறுபடி மூடிட்டு இழுத்தா ஸ்டார்ட் ஆகுது. இந்த "உஸ்" கேட்டாலே வெண்ட்தான்னு சந்தேகப்படலாம். சுத்தம் பண்ணினதும் சரியாச்சு.

ரெண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. ஐட்லிங் நிலையா இல்லாம ஏறி ஏறி இறங்குச்சு, ஆக்சிலரேட்டரை விட்டாலும் செயின் மெதுவா ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஐட்லிங்ல செயின் நகரவே கூடாது. கிளட்ச் பிடிக்கறதே சுமார் 4000 சுத்துக்கு மேல, ஐட்லிங் 3000 பக்கம் இருக்கணும். நான் ஐட்லிங் ஸ்க்ரூவை குறைச்சு குறைச்சு பாத்தேன், அணைஞ்சு போச்சு, கூட்டினா ஓடுது. ஏர் ஃபில்டரை எடுத்துட்டு கார்புரேட்டரை கையால ஆட்டினா ஆடுது! அதை பிடிச்சிருக்கற ரெண்டு நட்டும் விரலால திருகற அளவுக்கு லூசு. அந்த இடைவெளியில திருட்டுக்காத்து உள்ள போய் கலவை மெலிஞ்சிருச்சு. மெலிஞ்ச கலவையில என்ஜின் வேகமா கத்தும், கேக்க பவர் மாதிரி இருக்கும், ஆனா டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலோடதான் ஆயிலும் போகுது, பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையுது, சூடு ஏறி பிஸ்டன் சீஸ் ஆயிடும். அன்னைக்கு கீச்சுன்னு கத்தினது அதுதான். சைலன்சரை கழட்டி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனை பாத்தேன், நேர்கோடா கீறல் இருந்தா போச்சுன்னு அர்த்தம், என் அதிர்ஷ்டம் லேசா ஒரு தேய்ப்போட தப்பிச்சிருக்கு. சைலன்சர் போல்ட்டும் லூசாத்தான் இருந்துச்சு, சொல்லணுமா.

அதனால இந்த மாதிரி மெஷின் வாங்கினா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எல்லா போல்ட்டையும் ஒரு சுத்து இறுக்கிடுங்க, முதல் டேங்க் முடிஞ்சதும் ஆறவிட்டு இன்னொரு சுத்து. அதிர்வுல கழண்டுக்கற இடத்துக்கெல்லாம் த்ரெட் லாக் (போல்ட் கழண்டுக்காம பிடிக்கற பசை) ஒரு சொட்டு.

கார்புரேட்டர்ல எச், எல்னு ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், எச் முழு வேகத்துக்கான கலவையை மாத்தறது, எல் குறைஞ்ச வேகத்துக்கு. எச்சை திருகி திருகி வேகத்தை ஏத்தறது ஒரு ஆசை, அதுல விழாதீங்க. முழு ஆக்சிலரேட்டர்ல சும்மா ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரன்னு முழுங்கின மாதிரி இருக்கணும், மரத்துல வச்சதும் அது தெளிஞ்சு சுத்தமா வரணும், அதுதான் பாதுகாப்பான இடம். சும்மா ஓடும்போதே கணீர்னு இருந்தா கலவை மெலிசு.

இதுக்கு நடுவுல ஆர்வக்கோளாறுல சிலிண்டரையும் கழட்டி அளந்தேன். விட்டம் 45.2 மிமீ, பிஸ்டன் ஓடற தூரம் 34 மிமீ, பெருக்கி பாத்தா 54.6 சிசி. ஸ்டிக்கர்ல 58. அந்த மூணு சிசி போனதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, ஆனா இந்த என்ஜினுக்கு 20 இன்ச் பாரை மாட்டி குடுத்ததுதான் வியாபாரம். முழு நீளமும் காய்ஞ்ச கட்டைக்குள்ள புதைஞ்சா என்ஜின் திணறுது, ஆயில் நுனி வரைக்கும் எட்டல, முன்பக்கமா எடை இழுக்குது. 16 இன்ச் பாரும் 66 டிரைவ் பல்லு செயினும் வாங்கி மாட்டினேன், வேற மெஷின் மாதிரி ஆயிடுச்சு. 35 சென்டிமீட்டர் கட்டைக்கு 16 இன்ச் தாராளம்.

பார் மாட்டினது யார் தப்பு

என்னோடது, முழுக்க. எவ்வளவு காஸ்ட்லி மெஷினா இருந்தாலும் அன்னைக்கு மாட்டியிருக்கும். கட்டை ரெண்டு பக்கமும் முட்டு குடுத்து நடுவுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அப்போ எடை நடுவுல கீழ இழுக்கும், மேல்பக்கம் நெருக்கப்பட்டிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். நான் மேல இருந்து முழுசா அறுத்தேன், வெட்டு மூடிக்கிச்சு. மேல இருந்து மூணுல ஒரு பங்கு மட்டும் அறுத்துட்டு மீதியை கீழ இருந்து மேல வந்திருக்கணும். ஒரு பக்கம் மட்டும் முட்டு, மறுபக்கம் அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருந்தா அப்படியே உல்டா, முதல்ல கீழ மூணுல ஒரு பங்கு, அப்புறம் மேல இருந்து. தரையில படுத்து கிடந்தா முக்கால்வாசி அறுத்துட்டு புரட்டி போட்டு மிச்சத்தை முடிக்கறது, மண்ணுல பல்லு படாது. ஒரு பிளாஸ்டிக் ஆப்பு பாக்கெட்ல இருந்தா இன்னும் நல்லது, வெட்டுல சொருகி வச்சுக்கலாம், இரும்பு ஆப்பு வேணாம், செயின் பட்டா ரெண்டும் போச்சு.

வளைஞ்சு அமுங்கி கிடக்கற இளங்கிளைங்கதான் இதுல மோசம். வில்லு மாதிரி, ஒரே வெட்டுல விட்டா மூஞ்சிக்கு வரும். உள்வளைவுப் பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா சீவி சீவி விறைப்பை இறக்கணும்.

நெத்திக்கு ஒரு ஜாண்

மெஷின் எல்லாம் சரியான அப்புறம், மூணாவது வாரம் நடந்தது இது. கிளை கழிச்சுக்கிட்டு இருந்தேன், நான் அறுக்கற கிளைக்கு பின்னாடி இன்னொரு கொப்பு மறைஞ்சு இருந்துச்சு, பாரோட நுனி மேல்பாதி அதுல பட்டுச்சு. அவ்வளவுதான், மெஷின் என்னைப் பாத்து எகிறிச்சு. நான் பயந்து விட்டதா அமுக்கினதா ஒண்ணும் ஞாபகம் இல்ல, யோசிக்கற நேரமே இல்ல. செயின் நின்னுருந்துச்சு, பார் நெத்திக்கு ஒரு ஜாண் தூரத்துல.

காப்பாத்தினது ரெண்டு விஷயம். இடது கை கட்டைவிரல் முன் கைப்பிடியை சுத்தி கீழ பிடிச்சிருந்துச்சு, முழங்கை நேரா இருந்துச்சு, அதனால மெஷின் ஒரு அளவுக்கு மேல வரல. முன்னாடி இருக்கற கைக்காப்பு என் மணிக்கட்டுல பட்டு பிரேக் விழுந்துச்சு. அந்த பிரேக் வாங்கின அன்னைக்கு சரியா பிடிக்கல தெரியுமா. கவரை திறந்தப்போ பிரேக் பட்டை முழுக்க ஆயிலும் தூளும் அப்பி வழுக்கிக்கிட்டு இருந்துச்சு, துடைச்சு வச்சது ஒரு வாரத்துக்கு முன்னாடிதான். இப்போ ஒவ்வொரு தடவையும் வேலை ஆரம்பிக்கும்போது ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு செகண்ட் ஆக்சிலரேட்டர் குடுத்து மணிக்கட்டால காப்பை தள்ளி பாக்கறேன், செயின் டக்குனு நிக்கணும். நிக்கலன்னா அன்னைக்கு லீவு.

தலை பாருக்கு நேர்கோட்டுல இருக்கவே கூடாது, உடம்பை கொஞ்சம் இடது பக்கமா வச்சுக்கணும். தோளுக்கு மேல தூக்கி அறுக்கக்கூடாது. ஏணி மேல ஏறி செயின்சா, நினைச்சுக்கூட பாக்காதீங்க.

ஹெல்மெட், வலை போட்ட முகக்காப்பு, காது மூடி, பூட்ஸ், தொடைக்கு செயின்சா சாப்ஸ், இதெல்லாம் மெஷினோடயே வாங்கியிருக்கணும், நான் இந்த சம்பவத்துக்கு மறுநாள்தான் வாங்கினேன். சாப்ஸ் கவசம் கிடையாது, உள்ள நீளமான நூல் அடுக்கடுக்கா இருக்கும், செயின் பட்டதும் அந்த நூலெல்லாம் வெளிய வந்து ஸ்ப்ராக்கெட்ல சுத்தி செயினை நிறுத்திடும். சத்தம் 110 டெசிபல் பக்கம், காது மூடி இல்லாம ஓட்டினா ராத்திரி முழுக்க காதுல ங்ஙொய்னு கேட்டுக்கிட்டே இருக்கும், எனக்கு முதல் நாள் அப்படித்தான். விலை கம்மி மெஷின்ல அதிர்வு அதிகம், விரல் மரத்து போற மாதிரி ஆனா நிறுத்திடறேன். பெட்ரோல் ஊத்தறது என்ஜின் ஆறின அப்புறம்தான், ஊத்தின இடத்துல இருந்து பத்து அடியாவது தள்ளி வந்து ஸ்டார்ட் பண்ணணும்.

மூணு மாசம் சும்மா வச்சது

வேலை முடிஞ்சுதுன்னு டேங்க்ல பெட்ரோலோட மூலையில வச்சுட்டேன். மூணு மாசம் கழிச்சு எடுத்தா பிரைமர் பல்பு (பெட்ரோலை ஏத்த விரலால அமுக்கற குமிழ்) வெடிச்சிருக்கு, பெட்ரோல் டியூப் நூடுல்ஸ் மாதிரி கொழகொழன்னு ஆகி டேங்க் ஓட்டை பக்கத்துல அறுந்திருக்கு, கார்புரேட்டர் உள்ள இருக்கற டயாபிராம்ங்கற மெலிசான சவ்வு விறைச்சு போயிருக்கு. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், மலிவான ரப்பரை தின்னும். இதுல பாதி என் சோம்பேறித்தனம், பாதி அந்த ரப்பரோட தரம். ஒரு நல்லது, இந்த வகை மெஷினெல்லாம் ஒரே டிசைனை பல பேரு வேற வேற பேருல செய்யறதால டியூப், பல்பு, கார்புரேட்டர் கிட் எல்லாம் சுலபமா கிடைக்குது, பெரும்பாலும் பொருந்தியும் போகுது. கொஞ்சம் நல்ல தரமான டியூப் போட்டேன், இதுவரைக்கும் பிரச்சனை இல்ல. இப்போ கலவை ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்கறதில்ல, வேலை முடிஞ்சா டேங்கை காலி பண்ணி, ஸ்டார்ட் பண்ணி தானா அணையற வரைக்கும் ஓடவிட்டு, பாரை கழட்டி காடியை சுரண்டி திருப்பி மாட்டி வைக்கிறேன்.

இந்த மெஷினை யாருக்கு சொல்லலாம்னா, வருஷத்துக்கு நாலஞ்சு நாள் வேலை, அதுவும் தரையில கிடக்கற மரம், ஸ்பேனர் பிடிக்கறதுல வெறுப்பு இல்லாத ஆளு, அவங்களுக்கு தாராளமா. வாங்கின அன்னைக்கே வேலை ஆகணும்னா வேணாம்.

நிக்கிற பாதி மரத்தை என்ன பண்ணேன்னு கேட்டீங்கன்னா, தொடல. முதல்ல ஆசை இருந்துச்சு. சாயற பக்கம் அடிமரத்துல நாலுல ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் மாதிரி வெட்டி எடுத்து, எதிர்ப்பக்கம் இருந்து அறுத்துட்டு வந்து, நடுவுல விட்டத்துல பத்துல ஒரு பங்கு கனத்துக்கு கீல் மாதிரி அறுக்காம விடணும், அந்த கீல்தான் மரத்தை திருப்பிவிடும், படிச்சா சுலபமாத்தான் இருக்கு. ஆனா அது வீட்டுப்பக்கம் சாஞ்சு நிக்குது, கவட்டையில ஏற்கனவே பிளந்த மரம், அறுக்கும்போது நெடுக்க பிளந்து எந்தப் பக்கம் உதைக்கும்னு சொல்ல முடியாது, விழ வேண்டிய இடத்துல கூரை. கயிறு கட்டி ஏறி மேல இருந்து துண்டு துண்டா இறக்கற ஆளுங்க மூணு பேரு வந்தாங்க, ஒரு நாள் முழுக்க வேலை. இறக்கினதை எல்லாம் தூக்கிட்டு போகவான்னு கேட்டாங்க, வேணாம் அப்படியே போட்டுட்டு போங்கன்னுட்டேன், மறுநாள் காலைல செயினை ராவிட்டு நானே உக்காந்து அறுத்துக்கிட்டேன்.